மிதியாரும் இரண்டு சிவப்பு கேலிப்பர்களும்

என் அக்காவின் கணவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் உண்டு. அந்த அட்டையைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. எங்கள் தெருவுக்கு அவர் மிதியார். ஒருமுறை தபாலிலேயே "மிதியார், பிரேக் பட்டறை" என்று எழுதி வந்தது. தபால்காரர் ஒரு கேள்வி கேட்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பிரேக் வேலையைத் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். இன்ஜின் புகைந்துகொண்டு வந்து வாசலில் நின்றாலும், "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்பார். பிரேக் வேலையில் கடைசிப் படி, எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கேலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிள் திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வந்ததும் மூட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எல்லாம் குரல்தான். "மிதி." "பிடி." "விடு." முப்பது வருஷமாக இந்த மூன்று சொல்லும் தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தன. பெயர் வராமல் என்ன செய்யும்?

பக்கத்து ஷெட் என்னுடையது. நான் வீல் அலைன்மென்ட் பார்ப்பவன். நான்கு சக்கரமும் ஒரே நேராக ஓடும்படி திருப்பி வைப்பது என் பிழைப்பு. இரண்டு ஷெட்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர், அதில் ஒரு கதவு. அது பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை. நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார், எரிச்சல் வந்தால் "யோவ் சக்கரம்" என்பார். எனக்கு வாய் அதிகம். அவரிடம் ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பஸ்ஸில் போகும்போதுகூட அந்த மனிதரின் வலது கால் சும்மா இருக்காது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், தரையை அழுத்துவார். அக்கா தொடையில் கிள்ளுவாள். "டிரைவருக்குக் கால் இருக்குங்க" என்பாள். "அவன் கால் எனக்குத் தெரியாதே" என்பார்.

வேலை முடிந்தவுடன் வண்டியைக் கொடுக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் நேராக இறங்கி, அடியில் சட்டென்று இடது பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் பழைய கல்குவாரிப் பள்ளம். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலிருந்து இறங்கி, வளைவுக்கு முன்னால் அழுத்தி நிறுத்திக் காட்டுவார். அதற்கு அவர் வைத்த பெயர் முதல் பிரேக். "என் வீட்டுக்காரி உக்காந்து வந்த வண்டிங்க" என்று சாவியைக் கொடுப்பார். அவர் தருகிற கேரண்டி அவ்வளவுதான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிய கையோடு ஏறுவாள். "கல்யாணமான புதுசுல கார்ல ஊர் சுத்திக் காட்டுவாருன்னு நினைச்சேன்டா தம்பி. இந்த மனுஷன் பள்ளத்தத்தான் காட்டிக்கிட்டு இருக்காரு" என்பாள். ஆனால் ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

முதல் பிரேக் பார்க்காமல் அவர் பட்டறையை விட்டுப் போன வண்டி ஒன்றே ஒன்று. அது அவர் மகனுடையது.

என் மருமகனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தான், பேஸ் மாடல். அதே காரின் டாப் மாடலில் முன்சக்கரத்துக்குள் சிவப்பாக, உள்ளங்கை அகலத்தில் பெரிய கேலிப்பர் எட்டிப் பார்க்கும். சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைதான் கேலிப்பர். டாப் மாடலில் அந்தக் கையை நான்கு பிஸ்டன் அழுத்தும். பேஸ் மாடலில் ஒன்றுதான். பையன் அதைக் கேட்டு ஆறு மாதம் அப்பாவின் காதைத் தின்றான். கடைசியில், பின்பக்கம் எரிந்துபோன ஒரு டாப் மாடலிலிருந்து அத்தான் இரண்டு கேலிப்பரைக் கழற்றி வந்து, தட்டையும் மாற்றி, தன் கையாலேயே சிவப்பு பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தார்.

இந்த மாற்று வேலையில் ஒரு கெட்ட குணம் உண்டு. இரண்டு மாடலுக்கும் போல்ட் ஓட்டை ஒன்றேதான். அதனால் எது எதிலும் மாட்டிக்கொள்ளும். இடது கேலிப்பரை வலது பக்கம் வைத்தாலும் மறுப்பே சொல்லாமல் உட்காரும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேதானே நிற்கும்? எத்தனை தடவை மிதித்தாலும் அது வெளியே வராது. ஷெட்டில் மிதித்துப் பார்த்தால் பெடல் நன்றாகத்தான் இருக்கும், ஒருநாள் சூடேறினால் தரைவரை போய்விடும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் செய்கிற தப்பு இது. அவசரத்தில் பழையவர்களும் செய்வார்கள்.

அன்றைக்கு அக்கா எங்கள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். "உங்கம்மா வந்ததும் முதல் பிரேக் பாத்துக்கலாம்டா" என்றார் அத்தான். "நான் என்ன கஸ்டமராப்பா?" என்று சிரித்துக்கொண்டே மருமகன் வண்டியை எடுத்துப் போனான். நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அந்தத் தண்ணீர்த் தொட்டிச் சரிவில், வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தான். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் ஒரு விரற்கடை கூட இல்லை. வந்து பார்த்த அதிகாரி பேப்பரில் பிரேக் ஃபெயிலியர் என்று எழுதினார்.

அந்த இரண்டு சொல் என் அத்தானை மூன்று வருஷம் தின்றது. நசுங்கிய வண்டியைப் பார்க்கலாம் என்று அவர் எழுந்து நடப்பதற்குள் அது யார் யார் கைக்கோ மாறிப் போய்விட்டது. ஆயிரம் வண்டியில் வேலை செய்தவருக்கு அந்த ஒரு வண்டி மட்டும் நினைவில் நிற்கவில்லை. வேலைக்கு நடுவில் தகரக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். "மாப்ள, அன்னிக்கு நிப்பிள் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா? நீ பாத்தல்ல?" என்பார்.

"மேலதான் அத்தான் இருந்துச்சு."

நான் பார்க்கவே இல்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தும் மறுநாள் வந்து கேட்பார். தட்டில் பாதி சாப்பாடு இருக்கும்போது கை அப்படியே நின்றுவிடும் என்று அக்கா சொல்வாள். அக்கா அவரைக் குற்றம் சொன்னதில்லை, உங்கள் தப்பில்லை என்று சொன்னதும் இல்லை. அவள் எதிரில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் ஒரு மத்தியானம் பல் டாக்டர் வந்தார். எங்கள் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கும் அம்மா. கலகலப்பானவர், யார் சிரித்தாலும் பல்லைத்தான் முதலில் பார்ப்பார். மஞ்சள் நிறத்தில் புதிதாக வாங்கிய கார். மருமகன் வைத்திருந்த அதே கார், அதே பேஸ் மாடல். அதைப் பார்த்ததும் நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். டிக்கியைத் திறந்து ஒரு சாக்குப் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"மிதியாரே, டாப் மாடல் கேலிப்பர் கிடைச்சிருக்கு. பழசுதான், விளம்பரம் பாத்து வாங்கினேன். இத என் வண்டில மாட்டித் தரணும். மாட்டலாம்ல?"

அத்தான் பைக்குள் கை விட்டு ஒன்றை வெளியே எடுத்தார். சிவப்பு மங்கி, ஓரத்தில் துரு ஏறியிருந்தது. எடுத்தவர் அதை என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. தொடமுடியாத சூடு இல்லை. வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்து நின்றால் இருக்குமே, அந்தச் சூடு.

"டிக்கில வெயில் அடிச்சிருக்கும்" என்றேன் நான். டிக்கிக்குள் வெயில் எப்படி அடிக்கும் என்று நானே யோசித்துக்கொண்டேன். பைக்குள் இருந்த சாக்குத்துணி ஜில்லென்று இருந்தது.

அத்தான் கேலிப்பரைத் திருப்பி உள்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். ஒரு சின்ன புள்ளிக் குத்து. இன்னொன்றை எடுத்துத் துடைத்தார். இரண்டு புள்ளிக் குத்து. இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு. தான் கழற்றிய எந்தப் பொருளிலும் அவர் இப்படித்தான் உளியால் குத்தி வைப்பார். மருமகன் வண்டியில் இருந்த அதே ஜோடி.

"நாளன்னிக்கு வாங்கம்மா. முடிச்சு வைக்கிறேன்" என்றார். குரல் எப்போதும் போலவே இருந்தது. டாக்டரம்மா போன பிறகு இரண்டு கேலிப்பரையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இங்க பாரு மாப்ள" என்றார்.

நிப்பிளின் அடியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு கேலிப்பர் உடம்பின் மேல் வளைந்து இறங்கியிருந்தது. அந்தக் கோடு போன வழியில் மட்டும் பெயின்ட் உரிந்து வெறும் உலோகம் தெரிந்தது. பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். காற்றெடுக்கும்போது நிப்பிளில் கசிந்த எண்ணெய் கேலிப்பர் மேலேயே வழிந்திருக்கிறது. நிப்பிள் மேலே இருந்தால்தான் அப்படி வழியும். கீழே இருந்தால் சொட்டு நேராகத் தரையில் விழுந்திருக்கும், பெயின்ட் மேல் பட்டிருக்காது. இரண்டு கேலிப்பரிலும் அதே கோடு இருந்தது.

"மேலதான் இருந்திருக்கு" என்றேன். "அத்தான், நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க!"

அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. "இன்னொன்னு இருக்கு" என்றார். "பேஸ் மாடல்ல பெடலுக்குப் பின்னாடி எண்ணெயத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் சின்னது. ஒரு பிஸ்டனத் தள்ளுறதுக்குச் செஞ்சது. நாலத் தள்ள வேண்டிய எண்ணெய் அதுல வராம இருந்திருக்கலாம். அதையும் நான் மாத்தியிருக்கணும், மாத்தல. இந்தம்மா வண்டியும் அதே வண்டி, அதே சிலிண்டர். மாட்டுவோம். மாட்டி அங்கயே போய்ப் பாத்துடுவோம்."

"விட்டுடுங்க அத்தான். திருப்பிக் குடுத்துடலாம்" என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளத்தில் விழுந்த அன்று காலை ஒன்பதரைக்கு மருமகன் என் ஷெட்டுக்கு வந்தான். வண்டியை அலைன்மென்ட் பார்க்கச் சொன்னான். பார்த்து முடித்த பிறகும் போகாமல் ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒரு டாக்ஸிக்காரரோடு வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை கேட்டான்: "மாமா, ஸ்டியரிங்க விட்டுட்டா வண்டி நேராவே போகுமா?" நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என் கை பட்ட வண்டிடா. கண்ண மூடிக்கிட்டு விடு, கோடு போட்ட மாதிரி போகும்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். "சரி மாமா" என்று எழுந்து போனான். இந்த மூன்று வருஷமும் நிப்பிள் கீழேதான் இருந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். இது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அத்தான் மஞ்சள் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி வேலையைத் தொடங்கினார். பழைய கேலிப்பர்கள் கழன்றன, பெரிய தட்டு ஏறியது, சிவப்புக் கேலிப்பர்கள் உட்கார்ந்தன. போல்ட் முடுக்கும்போது ஒரு இடத்திலும் சிக்கவில்லை. "கையில வாங்கி வச்ச மாதிரி ஏறுது" என்றார்.

மத்தியானம் ஷட்டர் கதவை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். நான்தான் முதலில் திரும்பி வந்தேன். ஷட்டர் அடியில் ஒரு முழம் இடைவெளி இருந்தது, அதன் வழியாகத் தரையில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. குனிந்து பார்த்தேன். வண்டியின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த வண்டிகளில் சாவி இல்லாவிட்டாலும் பெடலை மிதித்தால் விளக்கு எரியும். ஆனால் மிதிக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை சட்சட்டென்று அணைந்து எரிந்தது, பிறகு அப்படியே நின்றது. நான் ஷட்டரைத் திறந்தபோது அணைந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. பின்னால் ஜன்னல்கூட இல்லாத ஷெட் அது; தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் என் ஷெட்டும் பூட்டியிருந்தது.

ஸ்விட்ச் கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தானிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் காற்றெடுக்க ஆரம்பித்தோம். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, நிப்பிளில் ரப்பர் குழாய் சொருகி, மறு நுனியை ஒரு பாட்டிலில் விட்டார். "மிதி." மிதித்தேன். "பிடி." பிடித்தேன். "விடு." விட்டேன். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போனார். அப்போது என் ஷெட்டிலிருந்து ஒருவர் கத்தினார், வண்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு ஆளைக் காணோம் என்று. "அத்தான், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அந்த ஆள் என்னைப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டார். திரும்பி வருகையில் தகரக் கதவுக்கு இந்தப் பக்கமே குரல் கேட்டது. "மிதி… பிடி… விடு." சரி, வேறு யாரையோ உட்கார வைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று கதவைத் தள்ளினேன்.

டிரைவர் கதவு திறந்திருந்தது. சீட்டில் யாரும் இல்லை.

"மிதி" என்றார் அத்தான் கீழேயிருந்து. பெடல் இரண்டு தடவை லேசாகத் தட்டிவிட்டு, பிறகு முழுவதும் கீழே போனது. பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. "பிடி." பெடல் கீழேயே நின்றது. பாட்டிலில் ஒரு குமிழி வந்து உடைந்தது. "விடு." பெடல் மெதுவாக மேலே வந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், தகரக் கதவைப் பிடித்தபடி நின்றேன். ஏழு தடவை அப்படி நடந்தது. நான் எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் கத்தியிருப்பேன்.

"போதும். காத்து போயிடுச்சு" என்று அத்தான் நிப்பிளை முடுக்கிவிட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் நிற்கிற என்னைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார்.

"எப்ப இறங்கின?"

"ரொம்ப நேரமாச்சு அத்தான்."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெரியும்" என்றார். "ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம் அமுக்குறது யாரு கால்னு எண்ணெய் வர்றதுலயே எனக்குத் தெரியாதா? எத்தனை ஞாயித்துக்கிழமை எனக்கு மிதிச்சிருக்கான்." அவர் சிரித்தார். மூன்று வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பெடல் தானாக இறங்கியதைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கூடவேதான் இருக்கான் மாப்ள. நாளைக்கு அவங்கிட்டயே கேட்டுடலாம்."

அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். யாருடைய கேலிப்பர், பெடலில் என்ன நடந்தது, நாளைக்கு என்ன பார்க்கப் போகிறோம், எல்லாம். மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா வழக்கம்போல வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "நீங்க வரவேண்டாம்கா" என்று நான் கையைப் பிடித்தேன்.

"அன்னிக்கு நான் உக்காரலல்ல? இன்னிக்கு உக்காருறேன். நீயும் ஏறுடா."

அந்த வண்டியில் பின்சீட் என்பது பெயருக்குத்தான். முட்டியைத் தாடையில் இடித்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி உட்கார்ந்தேன். அங்கிருந்து அத்தானின் கால் நன்றாகத் தெரிந்தது. பெடல் பார்க்கிற நாளில் அவர் செருப்புப் போடமாட்டார்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சரிவின் உச்சியில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. முதல் தடவை அறுபதில் இறங்கினார். வளைவுக்கு முன்னால் அழுத்தினார். வண்டி மூக்கை லேசாகத் தாழ்த்தி அப்படியே நின்றது. நான் அவ்வளவு நல்ல பிரேக்கைப் பார்த்ததில்லை. மேலே ஏறி, இரண்டாம் தடவை எண்பதில் இறங்கினார். நின்றது. பெடல் பாதிகூடப் போகவில்லை. சின்ன மாஸ்டர் சிலிண்டர் நான்கு பிஸ்டனையும் வஞ்சனையில்லாமல் தள்ளியது.

"போதும்ங்க" என்றாள் அக்கா. "பாத்தாச்சு."

அவர் வண்டியைத் திருப்பினார். மூன்றாம் தடவை மேலே ஏறினார்.

பாதிச் சரிவில் அவர் காலைப் பார்த்தேன். பெடலிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு பாதத்தையும் தரையில் சமமாக வைத்துக்கொண்டார். வண்டி தன் பாரத்தில் வேகம் பிடித்தது.

"மிதி" என்றார்.

பெடல் அசையவில்லை.

"மிதிடா."

தொட்டியின் நிழலைத் தாண்டினோம். வளைவில் புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அத்தானின் குரல் உடைந்தது. "அப்பா கீழதான் இருக்கேன்டா கண்ணு. மிதி. ஒரே ஒரு தடவ மிதி."

அந்தப் பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அக்காவும் சுவரைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஷெட்டில் ஏழு தடவை சொன்ன சொல் கேட்ட பெடல், இங்கே ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"நீங்க மிதிங்க" என்றாள் அக்கா. அடுப்பை அணைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள்.

அவர் மிதித்தார். நான் முன்னால் வந்து அவர் தோளில் மோதினேன். வண்டி நின்றபோது சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது.

பிறகு அத்தான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார்: "மிதிக்கல. அவன் மிதிக்கவே இல்ல." "என் கைத்தப்பாவே இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "நிப்பிள் கீழ இருந்திருக்கக் கூடாதா?" குலுங்கிக் குலுங்கி அழுதார். அவன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அக்காவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "நான் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசாம இருந்தேன்" என்றாள். "அவன் அலமாரியத் தொறந்து பாத்த அன்னிக்கே தெரியும். எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி வச்சுட்டுப் போயிருந்தான். என்னிக்கு மடிச்சான் அவன்? உங்க மேல பழி விழுந்தா நீங்க தாங்குவீங்க. அவன் மேல விழுந்தா நான் தாங்கமாட்டேன். அதான் பழிய உங்க மேலயே விட்டு வச்சேன். யாரு இதப் பிரிச்சுப் பாக்கச் சொன்னது?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பக்கம் போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் செருப்பில்லாத காலும் செருப்புப் போட்ட காலுமாக அந்த வெயிலில் சரிவில் ஏறி நடக்க ஆரம்பித்தார்கள். சிறிது தூரம் போனதும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியை மேலே கொண்டுபோக வேண்டியது என் தலையில் விழுந்தது. டாக்டரம்மா பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். பின்சீட்டிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, வண்டியைத் திருப்பினேன். அவர்களுக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் ஏற்றினேன்.

ஏற ஆரம்பித்ததும் டிங் டிங் என்று சத்தம் வந்தது. என் பெல்ட் சரியாகத்தான் இருந்தது. மீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கியது: பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா உட்கார்ந்த சீட் காலியாக இருந்தது.

பயம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். "மருமகனே" என்றேன். "நீ அன்னிக்குக் கேட்டப்ப நான் உன் மூஞ்சியப் பாத்திருக்கணும்டா. ஒரு மணி நேரம் உக்காந்திருந்த. நான் பாக்கல. தப்பு என்னுது."

சத்தம் நிற்கவில்லை. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் தொட்டியின் நிழலை நெருங்கியிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டில் சாய்ந்து, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன். சீட்டை ஒட்டிச் சப்பையாக வரும் என்று நினைத்தேன். ஒரு ஆளின் மார்பைச் சுற்றி வருகிற அளவுக்கு நீளமாக வந்தது. மாட்டினேன். சத்தம் நின்றது. நான் மெதுவாக மேலே ஓட்டினேன்.